தன்னைத் தானே எண்ணும் வரிசை: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

"ஓர் எண் வரிசையை அதை வைத்தே வரையறுத்தால், கோழி முந்தியா முட்டை முந்தியா என்ற கதையாகிவிடாதா?" என்று கேட்டிருந்தாய். பென்சிலை எடு, எழுதியே பார்த்துவிடலாம்.

1, 2 என்ற இரண்டே எண்கள், மாறி மாறிக் கொத்தாக வர வேண்டும்; ஒரே எண் அடுத்தடுத்து வருவதுதான் ஒரு கொத்து. ஒவ்வொரு கொத்திலும் எத்தனை எண்கள் என்று குறித்துக்கொண்டே போனால், அந்தக் குறிப்பும் அதே வரிசையாக இருக்க வேண்டும். முதல் எண் 1 என்று வைத்தால், முதல் கொத்தில் ஒரே ஒரு 1. அடுத்து 2 வந்தாக வேண்டும். அதுவே இரண்டாம் எண் என்பதால் இரண்டாம் கொத்து 2, 2. மூன்றாம் எண் 2. ஆகவே மூன்றாம் கொத்து 1, 1. நான்காம் எண் 1, ஒற்றை 2. ஐந்தாம் எண்ணும் 1, ஒற்றை 1. இப்படியே 1, 2, 2, 1, 1, 2, 1, 2, 2, 1 என்று வளர்கிறது.

உன் சந்தேகத்துக்கு இடம் இருந்தது முதல் இரண்டு எண்களில் மட்டும்தான். அங்கே எழுதும்போதே படிக்க வேண்டியிருந்தது. பிறகு படிக்கும் விரல் எப்போதும் எழுதும் கைக்குப் பின்னால்தான் நிற்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1965-இல் வில்லியம் கோலகோஸ்கி இதைப் புதிராகக் கேட்டதால் வரிசைக்கு அவர் பெயர் நிலைத்தது. 1939-லேயே ரூஃபஸ் ஓல்டன்பர்கர் இதை எழுதியிருந்தார். அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

முதல் 20 எண்களை எண்ணிப் பார்: 1 பத்து, 2 பத்து. கடைசிவரை இப்படிச் சரிபாதியாகவே போகுமா? யாராலும் இன்னும் நிறுவ முடியவில்லை. போகப்போக 1-களின் பங்கு 0.50084-ஐத் தாண்டி நிற்காது என்பது வரை கணிதவியலாளர் வாஷெக் ஹ்வாதல் நெருங்கினார். பங்கு ஒரே மதிப்பில் போய் நிலைகொள்ளும் என்பதற்குக்கூட நிரூபணம் இல்லை.

கணிதவியலாளர் சாலமன் கோலம்பின் வரிசையும் தன்னைத் தானே எண்ணுவதுதான், ஆனால் இவ்வளவு பிடிவாதமானதல்ல. 1, 2, 2, 3, 3, 4, 4, 4 என்ற அதில், ஓர் எண் எத்தனை முறை வரும் என்பதை அத்தனையாவது இடத்தில் உள்ள எண்ணே சொல்லும். அதன் வளர்ச்சியைப் பொன் விகிதம் (ஏறக்குறைய 1.618) தீர்மானிக்கிறது.

ஆனால் அமெரிக்க அறிஞர் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டரின் க்யூ (Q) வரிசையில் உன் பயம் நியாயமானது. 1, 1 என்று தொடங்கு. அடுத்த எண் வேண்டுமென்றால், கடைசி இரண்டு எண்களைப் பார். கடைசி எண் எவ்வளவோ, எழுதப்போகும் இடத்திலிருந்து அத்தனை இடம் பின்னால் போ. அதற்கு முந்தைய எண்ணுக்கும் அப்படியே. அங்கே கிடைக்கும் இரண்டையும் கூட்டு: 2, 3, 3, 4, 5, 5, 6, 6, 6, 8. என்றாவது ஒரு நாள் வரிசையின் தொடக்கத்தையும் தாண்டிப் பின்னால் போகச் சொன்னால், வரிசை அங்கேயே நின்றுவிடும். அப்படி நேராது என்று எவரும் இதுவரை நிறுவவில்லை.

முப்பது எண்கள் வரை எழுதி அனுப்பு. நானும் எழுதி வைக்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்