மூன்றடி வழி விடுங்கள்: பொருநைக் கரை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தாமிரபரணிக் கரைப் பாதைகளுக்குப் பொறுப்பான மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

திருவைகுண்டத்துக்குக் கீழே, ஆற்றங்கரைப் பாதையின் குறுக்கே வெட்டப்பட்டிருக்கும் பள்ளத்தைப் பற்றி எழுதுகிறேன். எந்தப் பள்ளம் என்று கேட்க மாட்டீர்கள் என நம்புகிறேன். எதற்காக வெட்டினீர்கள் என்பதும் ஊரறிந்த சங்கதி. மணல் லாரிகளைத் தடுப்பதில் எங்களுக்கு எள்ளளவும் மறுப்பில்லை. இந்த ஆற்றில் மணல் அள்ளக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்த பிறகும் இரவில் என்னென்ன நடந்தது என்பதைக் கரையோர ஊர்க்காரர்கள் நன்றாக அறிவார்கள். லாரியைத் தடுங்கள். டிராக்டரைத் தடுங்கள். சைக்கிள் போக மூன்றடி வழி மட்டும் விடுங்கள். கோரிக்கை இவ்வளவுதான். நேரமில்லாதவர்கள் இந்த இடத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டு உத்தரவில் கையெழுத்துப் போடலாம்.

நேரமுள்ளவர்களுக்காக மீதியை எழுதுகிறேன்.

நாங்கள் பந்தயக்காரர்கள் அல்லர். பாபநாசத்தில் மலை இறங்கும் ஆற்றோடு சேர்ந்து புறப்பட்டு, புன்னைக்காயலில் அது கடலில் கலக்கும் வரை ஊர் ஊராக நின்று போகிறவர்கள். பிறப்பது முதல் கடல் சேர்வது வரை ஒரே மாநிலத்துக்குள் ஓடி முடிகிற ஆறு இது. சுமார் 128 கி.மீ. அவசரமில்லாமல் மிதித்தாலும் சில நாளில் முழுதாகப் பார்த்துவிடலாம். அம்பாசமுத்திரத்தில் ஒதுங்கினால் மன்னார்கோவிலும் பிரம்மதேசமும். வீரவநல்லூரில் உள்ளே திரும்பினால் திருப்புடைமருதூர். அந்தக் கோபுரத்துக்குள் ஏறியவர்களுக்குத் தெரியும், நிலைக்கு நிலை மரச் சிற்பமும் சுவரோவியமும் எப்படி மூச்சடைக்க வைக்கும் என்று. வெளியே வந்தால் ஆற்றோர மரங்களில் நாரையும் கொக்கும். அந்தப் பறவைகளுக்காகவே 2005இல் அந்த ஊரைப் பாதுகாப்பகம் ஆக்கினார்கள். பிறகு அருணாசலத்தின் நாகசுரத்தால் பெயர் பெற்ற காருகுறிச்சி, பிராமண மாணவருக்குத் தனிப்பந்தி போட்டதால் குருகுலச் சர்ச்சை வெடித்த சேரன்மாதேவி, கோரைப் பாய் நெய்யும் பத்தமடை.

திருநெல்வேலிக்குக் கிழக்கே கதை இன்னும் பழையது. சீவலப்பேரியில் சிற்றாறு வந்து சேர்கிறது. ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டத் தொடங்கிய தாழிக்காட்டின் (ஈமத்தாழிகள் புதைந்த இடுகாடு) ஒரு பகுதி, 2023 முதல் கண்ணாடித் தளத்தின் கீழ் கிடக்கிறது. சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பு 5,300 ஆண்டுப் பழமையானது என்று 2025 ஜனவரியில் அரசே அறிவித்தது. ஆற்றின் இரு கரையிலும் நவதிருப்பதிகள் எனும் ஒன்பது பெருமாள் கோயில்கள். ஒன்றில் உச்சிக்கால நடை சாத்துவதற்குள் அடுத்ததற்குப் போய்விடலாம் என்கிற தூரத்தில். கடைசியில் கொற்கை: முத்துக்குளித்த பாண்டியத் துறைமுகம், கடல் விலகிப்போய்விட்டதால் இப்போது வயலும் குளமுமாக இருக்கிறது. இத்தனையையும் ஒரே நூலில் கோத்துத் தருவது ஆற்றங்கரையும் கால்வாய்க்கரையும்தான். அந்த நூலைத்தான் அறுத்திருக்கிறீர்கள்.

நெடுஞ்சாலை இருக்கிறதே, அதில் போகலாமே என்பீர்கள். திருச்செந்தூர்ச் சாலையில் வைகாசி விசாகத்துக்கும் தைப்பூசத்துக்கும் பச்சை உடுத்திப் பாதயாத்திரை போகிறவர்கள் எப்படி ஓரத்தில் ஒடுங்கி நடக்கிறார்கள் என்பதை வண்டிக்குள் இருந்தாவது பார்த்திருப்பீர்கள். பஸ் முந்தும்போது எழும் காற்றிலேயே சைக்கிளின் கைப்பிடி ஆடும். மூட்டை கட்டிய சைக்கிளுக்கு அந்தச் சாலை ஏற்றதல்ல.

இப்போது பள்ளத்துக்கு வருகிறேன். ஆளுயரத்தில் முக்கால் பங்கு ஆழம். அடியில் கசிவு நீரும் சேறும். போதாக்குறைக்குப் பள்ளத்தின் மறுபக்கத்தில் சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் பின்சக்கரத்தின் இரு பக்கமும் தொங்கும் பைகளைக் கழற்றி ஒவ்வொன்றாகக் கடத்தி, சைக்கிளைத் தோளில் தூக்கி இறங்கி ஏறி, திரும்பப் பைகளை மாட்டி, பத்தடி போவதற்குள் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்துவிடுவோம். அது எங்கள் பொழுதுபோக்கு, பட்டுத் தொலைகிறோம்.

ஆனால் அந்தக் கரையில் சைக்கிளில் போகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அது பொழுதுபோக்கு இல்லை. நாங்கள் அங்கே சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது வாழை இலைக் கட்டோடு ஒரு பெரியவர் வந்தார். பழைய கறுப்பு சைக்கிள், கேரியரில் குறுக்காக வைத்துக் கயிறு போட்ட தலைவாழை இலைக் கட்டு, அதன்மேல் நனைத்த சாக்கு. பள்ளத்தின் விளிம்பில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கட்டை அவிழ்த்து இரண்டாகப் பிரித்தார். ஒன்றைத் தலையில் வைத்து இறங்கினார். பாதி வழியில் கால் வழுக்கியபோது அவர் தன்னைப் பார்க்கவில்லை. இரு கையையும் இலைக்குத்தான் கொடுத்தார். முழங்கால் போய்க் கல்லில் இடித்தது. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். “அந்த முனையைப் பிடியுங்கள் தம்பி, மடங்கினால் போயிற்று” என்றார். மேலே ஏறி, முழங்காலைத் துடைக்காமல், இலையைத்தான் விரித்துப் பார்த்தார். நுனியில் நாலைந்து கிழிந்திருந்தன. கிழிந்த இலைக்குச் சந்தையில் விலை இல்லை. அவற்றை உருவித் தனியாக வைத்துவிட்டு, அடுத்த பாதியை எடுக்கத் திரும்ப இறங்கினார். சுற்றிப் போகலாமே அண்ணாச்சி என்றேன். சுற்றிப் போனால் இலை வாடிவிடும் என்றார். பள்ளத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அவருக்குத் தோன்றியிருக்கும். எனக்கு அந்தப் பக்குவம் இல்லாததால் இந்த மடல்.

சரி, அவர் முழங்காலைக் கொடுத்ததற்கு லாரியாவது நின்றதா? அடுத்த முறை நாங்கள் போனபோது பள்ளத்தை ஒட்டி வயலுக்குள் இறங்கி மறுபக்கம் ஏறிய டயர் தடம், இரட்டைச் சக்கரத் தடம், அழகாகப் பதிந்திருந்தது. அவர்களிடம் ஜேசிபி இருக்கிறது. பள்ளத்தை நிரப்ப வேண்டுமென்றால் மணலுக்கும் பஞ்சமில்லை. நின்றது வாழை இலையும், பால் கேனும், பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த இலவச சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும்தான். ஒரு கையால் சைக்கிள் கொடுத்து மறு கையால் பாதையை வெட்டுவது நல்ல திட்டமிடல்தான், பாராட்டுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெட்டியது வெறும் பாதையை அல்ல, கரையை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதும், திருவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கி நின்றதும், கரை உடைந்த இடமெல்லாம் வயல் ஆறானதும் இந்த வட்டாரத்தில் யாருக்கும் மறக்கவில்லை. வெள்ளம் வரும்போது பலவீனமான இடத்தைத்தான் தேடும். இந்த முறை தேடும் சிரமத்தை அதற்கு வைக்க வேண்டாம் என்று நினைத்துவிட்டீர்களா?

நம் ஊரில் மாடு நுழையக் கூடாத இடங்களில் இரண்டு கல்லை நட்டு, ஆள் ஒருக்களித்துப் போக இடைவெளி விடுவது காலங்காலமாக உள்ள வழக்கம். அதையே சற்று அகலமாகச் செய்தால் போதும். மூன்றடி இடைவெளியில் உறுதியான கல்தூண்கள். கரைப் பராமரிப்புக்கு உங்கள் வண்டி போக வேண்டுமானால் ஒரு தூணை மட்டும் பூட்டுப் போட்டுக் கழற்றும்படி இரும்பில் வைத்துக்கொள்ளலாம். வயல் பக்கம் சரிவில் இன்னும் இரண்டு தூண். டான்யூப் நதிக்கரையில் அந்தக் காலத்தில் குதிரைகள் படகிழுத்துப் போன பாதைதான் இன்று ஜெர்மனியின் பாசாவில் இருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை 300 கி.மீ.க்கு மேல் போகும் சைக்கிள் வழியாக இருக்கிறது. ஊர் ஊராகத் தங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள், செலவு செய்கிறார்கள். நமக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். புதிதாகப் பாதை போட வேண்டாம், பெயர்ப்பலகை வேண்டாம், செல்ஃபி மேடை கட்டாயம் வேண்டாம். இருக்கிற மண்பாதையைச் சும்மா விட்டாலே போதும்.

ஆனால் சும்மா விடுவதற்குத் திட்டமதிப்பீடு போட முடியாது, அதுதான் சிக்கல். எந்தச் சுற்றுலாத் திட்டத்தை எடுத்தாலும் முதலில் வருவது கார் நிறுத்துமிடம். ஜூன் 3 உலக சைக்கிள் தினமென்றால் பனியன், தொப்பி, கொடியசைப்பு. சைக்கிளை வேனில் ஏற்றி வந்து, கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறோம். மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது. வாழை இலைப் பெரியவர் எந்த ஆண்டும் அந்தப் படத்தில் இருந்ததில்லை. இருப்பதிலேயே அதிக தூரம் சைக்கிள் மிதிக்கிறவர் அவர்தான்.

வார்த்தை கொஞ்சம் தடித்துவிட்டது; பொறுத்தருள வேண்டும். ஆற்றைக் கடக்க வழியில்லாமல் ஜனங்கள் தவிப்பதைப் பார்த்து, சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுப் பாலமே கட்டிக் கொடுத்த ஊர் திருநெல்வேலி. 1843இல் திறந்த அந்தப் பாலத்தில் இன்றும் பஸ் ஓடுகிறது. நாங்கள் பாலம் கேட்கவில்லை. நவதிருப்பதிக் கரையில் நின்று மூன்றடி கேட்கிறார்களே என்று பயப்படவும் வேண்டாம். வாமனனைப் போல அளக்கத் தொடங்கிவிட மாட்டோம். சைக்கிளின் கைப்பிடி அகலம் இரண்டடிக்குச் சற்று மேல். இலைக் கட்டு உரசாமல் போக இன்னும் கொஞ்சம். மூன்றடி.

வடகிழக்குப் பருவமழை வருமுன் பள்ளத்தை மூடிக் கரையைக் கெட்டிப்படுத்தி, தூண் நட்டுத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பிசான (பருவமழைக்கால) நெல் நடவு தொடங்கிவிட்டால் கரையில் நடமாட்டம் கூடும். அதற்குள் முடிந்தால் நல்லது. தூணுக்குக் கல் வேண்டுமென்றால் ஊரில் கேட்டு வாங்கித் தருகிறோம். இடத்தைக் காட்ட ஆள் வேண்டுமென்றால், ஞாயிறு விடியற்காலையில் அங்கேதான் இருப்போம். டேப் கொண்டுவருகிறோம். நீங்கள் சைக்கிளில் வருவது உத்தமம். ஜீப் பள்ளத்தைத் தாண்டாது.

இப்படிக்கு,
பணிவுடன்,
பாளையங்கோட்டையில் இருந்து சைக்கிளில் வரும் ஒருவன்