கயலுக்கு எந்த பிராஞ்ச்?

பாளையங்கோட்டை,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள வசந்தி,

உன் மகள் கயலை இன்ஜினியரிங்கில் எந்த பிராஞ்ச்சில் சேர்ப்பது என்று நீ அனுப்பிய ஒன்பது நிமிஷ வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை எங்கள் மின்வாரிய சப்ஸ்டேஷன் யார்டில் நின்றுகொண்டு கேட்டதால் பாதிதான் காதில் விழுந்தது. இரண்டாவது தடவை வீட்டில். உனக்கு அழுகை வருகிற இடத்தில் நீ இருமுவாய் என்பது ஹாஸ்டலிலேயே எனக்குத் தெரியும், அதனால் சமாளித்ததாக நினைக்காதே. வாட்ஸ்அப்பில் தட்டினால் நாலு வரிக்கு மேல் எனக்கு ஓடாது. அதான் பேப்பரை எடுத்துவிட்டேன். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், பெரிதாக்கிப் படித்துக்கொள்.

முதலில் ஊர்க்கதை. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, ஆபரேஷன் என்றாலே பேச்சை மாற்றுகிறாள். இவர் ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் நாலு வருஷம் என்று இப்போதே நாள் எண்ணுகிறார். நான் எண்ணவில்லை. மழைக்காலத்துக்கு முன்னால் முடிக்கவேண்டிய மெயின்டனன்ஸ் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

சரி, கயல் விஷயம். 178.5 நல்ல கட் ஆஃப் டி. கணக்கில் 91 வாங்கியவளைப் பார்த்து "கொஞ்சம் ஏமாற்றம்தான்" என்று எப்படிச் சொல்ல வாய் வந்தது உனக்கு? நம் காலத்தில் முந்நூறுக்குக் கணக்குப் போட்டார்கள், நூறு மார்க் என்ட்ரன்ஸுக்கு. 2007-ல் என்ட்ரன்ஸ் போய் இப்போது இருநூறுதான். 1997-ல் அப்பாவோடு ராத்திரி பஸ் ஏறிக் கிண்டிக்குப் போனதை நினைத்துப் பார்க்கிறேன். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு அந்த வருஷம்தான் புதிது. எதிரே ஸ்கிரீனில் ஒவ்வொரு காலேஜிலும் மிச்சமிருக்கிற சீட் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது, எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பையன் எடுத்ததும் நான் மனதில் வைத்திருந்த இடம் பூஜ்யம் ஆனது. ஊரோடு இருக்கலாம், பஸ் பாஸ் போதும் என்று அப்பா சொன்னார். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி, எலெக்ட்ரிக்கல். யோசித்தது ஐந்து நிமிஷம் இருக்குமா? பிறகு வீட்டில் ஏழு பேருக்கு நடுவில் படிக்க முடியாமல் ஹாஸ்டலுக்கு வந்தேன், உன்னைப் பார்த்தேன், அது வேறு கதை.

இப்போது எல்லாம் ஆன்லைன். கயல் வீட்டில் உட்கார்ந்தே நூறு சாய்ஸ் போடலாம். கிடைத்ததை ஏற்றுக்கொண்டு, அதற்கு மேலே காலியானால் தரச்சொல்லிக் கேட்கலாம். அவள் போடுகிற வரிசை அவளுக்குப் பிடித்த வரிசையாக இருக்கட்டும். "இது கிடைக்காது" என்று நீயாக ஊகித்து எதையும் கீழே தள்ளாதே. மேலே போட்டது கிடைக்காவிட்டால் அடுத்ததற்குத்தான் போகும், அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. இந்த ஒரு விஷயம் புரியாமல் என் ஆபீஸிலேயே இரண்டு பேர் பிள்ளைகளுக்கு நல்ல இடத்தை விட்டார்கள்.

ஒரு வேடிக்கை தெரியுமா? நீயும் உன் வீட்டுக்காரரான அண்ணனும் படித்துத் தொலைத்ததால் கயலுக்கு முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது. எங்கள் ஃபோர்மேனுடைய மகள் அரசுப் பள்ளியில் படித்தவள், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தாள். கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் அரசே பார்த்துக்கொள்கிறது. அந்த மனுஷன் என்னிடம் வந்து, "மேடம், ஒரு பைசா கேக்கலை, ஏமாத்துறாங்களோ" என்று கேட்டார்.

இனி, நீ சொன்ன அந்த அட்மிஷன் புரோக்கர். சென்னையில் பெரிய காலேஜ், மேனேஜ்மென்ட் சீட், கம்ப்யூட்டர் சயின்ஸ், எல்லாம் சேர்த்து நாலு வருஷத்துக்குப் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல், வீட்டுப் பத்திரத்தை வைத்து லோன். இதை நீ சொல்லும்போதுதான் இருமினாய்.

நான் நேற்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பன்னிரண்டு லட்சம் கடன், பத்தரை சதவீத வட்டி, பத்து வருஷம் என்றால் மாதம் 16,000-ஐத் தாண்டுகிறது. படிக்கிற நாலு வருஷ வட்டியை நான் இதில் சேர்க்கவே இல்லை. பெரிய ஐடி சர்வீஸ் கம்பெனிகள் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுப்பது வருஷத்துக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டி. பிடித்தம் போகக் கைக்கு 25,000 வந்தால் பெரிது. அதில் 16,000 போனால் சென்னையில் அவள் ரூம் வாடகை கொடுப்பாளா, சாப்பிடுவாளா? நீ 2003-ல் சேர்ந்தபோது உனக்கு எவ்வளவு என்று ஞாபகம் இருக்கிறதா? இரண்டரை லட்சம் என்று எனக்குப் போன் பண்ணிக் கத்தினாய். அப்போது ஒரு பவுன் ஐயாயிரத்துக்குக் கீழே. இன்றைய பவுன் விலையை நான் எழுத வேண்டியதில்லை. மற்றதெல்லாம் எங்கேயோ போய்விட்டது, அந்த ஆரம்பச் சம்பளம் மட்டும் இடத்தைவிட்டு நகரவில்லை.

கலந்தாய்வில் கிடைக்கிற தனியார் காலேஜ் சீட்டுக்கு 2017-ல் கட்டணக் குழு வைத்தது வருஷத்துக்கு 50,000, அங்கீகாரம் பெற்ற பிராஞ்ச்சுக்கு 55,000. அரசுக் காலேஜில் அதைவிடக் குறைவு. ஹாஸ்டல், புத்தகம், பஸ் எல்லாம் சேர்த்தாலும் புரோக்கர் சொன்ன தொகைக்குக் கிட்டே வராது. பெரும்பாலும் அதே அண்ணா பல்கலைக்கழகம், தன்னாட்சிக் காலேஜ் இல்லையென்றால் அதே சிலபஸ், அதே கேள்வித்தாள்.

நான் கடனுக்கு எதிரி இல்லை. நம் விஷயத்தையே எடுத்துக்கொள். 2001 மே மாதம் முடித்தோம். கேம்பஸில் உனக்கு ஆஃபர் லெட்டர் வந்து ஹாஸ்டல் முழுக்கப் பால்கோவா கொடுத்தாய். அமெரிக்காவில் அப்போதே கம்ப்யூட்டர் கம்பெனிகள் சரிந்துகொண்டிருந்தன, செப்டம்பரில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களும் விழுந்தன. உன் ஜாய்னிங் தேதி தள்ளித் தள்ளிக் கடைசியில் பேச்சே இல்லாமல் போனது. இரண்டு வருஷம் நீ வீட்டிலிருந்து டியூஷன் எடுத்தாய், வேறு கம்பெனிக்குப் போனாய். நான் ஒரு பேனல் போர்டு கம்பெனியில் 2,500 ரூபாய்க்குச் சேர்ந்தேன். பெண்களுக்கென்று கழிவறை இல்லாத ஷெட். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டுப் போய் வருவேன். கான்டாக்டர், ஓவர்லோட் ரிலே, பஸ்பார் எல்லாம் கையால் தொட்டுக் கற்றுக்கொண்டது அங்கேதான். மின்வாரிய வேலை வர எனக்கு ஏழு வருஷம் ஆனது. நம் இரண்டு பேராலும் அப்படிக் காத்திருக்க முடிந்ததே, ஏன்? நமக்குக் கடன் இல்லை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் என்று போட்ட நம் டிகிரிக்கு அப்பாக்கள் கட்டியது சில ஆயிரங்கள். பதினாறாயிரம் கட்டவேண்டியிருந்தால் நீ எந்த வேலை கிடைத்தாலும் போயிருப்பாய், நான் அந்த ஷெட்டுக்குப் போயிருக்கவே மாட்டேன். எந்த வருஷம் முடிக்கிறோம் என்பது நம் கையில் இல்லை. கயல் எந்தக் காற்றில் வெளியே வரப்போகிறாள் என்று இன்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு "இது வேண்டாம்" என்று சொல்கிற தெம்பு அவளிடம் இருக்கவேண்டும், நான் கேட்பது அவ்வளவுதான். பத்திரத்தைப் பீரோவிலேயே வை.

பிராஞ்ச்சுக்கு வருகிறேன். அவளுக்கு எலெக்ட்ரிக்கல் ஆசை, உங்கள் இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர். இதில் எனக்குச் சந்தேகம் ஒன்று உண்டு, கோபப்படாதே. கயல் பிறந்ததும் வேலையை விட்டாய், ஐந்து வருஷம் கழித்துத் திரும்பப் போனபோது எடுத்துக்கொள்ள ஆளில்லை. அந்தப் புண்ணுக்கு மருந்தாகத்தான் மகளை அதே வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறாயோ? அப்படி இல்லை என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடு.

கம்ப்யூட்டர் படிக்காதே என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைப் பார். 2024-25 முதல் நல்ல நிலையில் இருக்கிற காலேஜ்களுக்கு ஒரு பிராஞ்ச்சில் இத்தனை சீட்தான் என்ற உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. சிவில், மெக்கானிக்கல் வகுப்பறைகள் எல்லாம் கம்ப்யூட்டர் வகுப்பறைகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. எஃப் செக்ஷன், ஜி செக்ஷன் என்று போகிறது. அத்தனை பேருக்கும் பாடம் நடத்த ஆசிரியர் எங்கே? உன் கொழுந்தனார் சொல்வதுபோல் புரோகிராமையெல்லாம் மெஷினே எழுதுகிறதோ என்னவோ, அது எனக்குத் தெரியாத துறை. எழுதினதைச் சரிபார்க்கத் தெரிந்தவளுக்கு வேலை இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. ஆசையில்லாமல் ஜி செக்ஷனில் உட்கார்ந்தவள் அந்த ஆளாக வருவாளா?

எலெக்ட்ரிக்கலையும் நான் தங்கத்தட்டில் வைத்துக் கொடுக்கமாட்டேன். இங்கே கங்கைகொண்டானில் டாட்டாவின் சோலார் ஆலை 2024-ல் ஓட ஆரம்பித்தது. தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் ஆலையை 2025-ல் திறந்தார்கள். கயத்தாறு, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளை நீயே பஸ்ஸில் பார்த்திருக்கிறாய். பேப்பரில் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் பார்த்தவரை இந்த மாதிரி இடங்களில் டிப்ளமோவுக்கும் ஐடிஐக்கும் பத்து வேலை என்றால் பி.இ.க்கு ஒன்று. ஆரம்பச் சம்பளம் ஐடியைவிடக் குறைவாகக்கூட இருக்கும். கேட் (GATE) தேர்வு எழுதி நல்ல மார்க் வந்தால் கூடங்குளம் நடத்துகிற அணுமின் கழகம் மாதிரி பொதுத்துறைக்குப் போகலாம். டிஎன்பிஎஸ்சி வழியாக வாரியத்துக்கும் வரலாம். அதற்கு மூன்றாம் வருஷத்திலிருந்தே உட்காரவேண்டும். இரண்டிலும் நிச்சயம் கிடையாது, இரண்டு மூன்று வருஷம் வீட்டில் இருந்து படிக்கிற பிள்ளைகளை இங்கே தெருவுக்குத் தெரு பார்க்கிறேன்.

வேலை எப்படி என்று அவள் கேட்டாளாமே. 2023 டிசம்பர் 17, 18 மழையைச் சொல்லு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஆறு பெருகி நெல்லை ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் வந்தது. எங்கள் யார்டில் இடுப்பளவு தண்ணீர், சப்ளையை நிறுத்திவிட்டு மேலே ஏறி நின்றோம். வடிந்ததும் கன்ட்ரோல் ரூமில் ஒவ்வொரு ரிலே பேனலையும் திறந்து, சேற்றைக் கழுவி, ஹீட்டர் வைத்து உலர்த்தி, கேபிள் கேபிளாக மெக்கர் வைத்து இன்சுலேஷன் சரியா என்று பார்த்து, டிரான்ஸ்பார்மர் ஆயில் எடுத்துச் சோதித்து... மூன்று நாள் வீட்டுக்குப் போகவில்லை. கடைசியில் பிரேக்கரைப் போட்டதும் தூரத்தில் ஒரு தெரு முழுக்க விளக்கு வந்தது, யாரோ விசில் அடித்தார்கள். அந்த விசில் சத்தம் எனக்குப் போதும். உனக்குப் போதாது, நீ மூன்று நாள் குளிக்காமல் இருந்ததைத்தான் நினைப்பாய். கயல் நம் இரண்டு பேரில் யார் மாதிரி என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. வருஷா வருஷம் எங்களிடம் அப்ரென்டிஸ் பிள்ளைகள் வருவார்கள். நான் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்பேன்: ஓடுகிற லைனில் சிடியின், அதாவது கரன்ட்டை அளக்க வைத்திருக்கிற கரன்ட் டிரான்ஸ்பார்மரின், செகண்டரியைத் திறந்து விட்டால் என்ன ஆகும்? போன தடவை 8.9 சிஜிபிஏ வைத்திருந்த பெண் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். பேர் தெரியாத காலேஜிலிருந்து வந்த, இரண்டு அரியர் வைத்து முடித்த ஒரு பையன், "ஆபத்து மேடம், வோல்டேஜ் எகிறும், ஷார்ட் பண்ணிட்டுத்தான் கழட்டணும்" என்றான். எப்படித் தெரியும் என்றால், மாமா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறாராம், லீவு நாளெல்லாம் அங்கே கிடந்து, புரியாததை லேபில் போய்க் கேட்பானாம். கயல் எந்த பிராஞ்ச் எடுத்தாலும் அப்படிப் போய்க் கிடக்க ஒரு இடம் பிடிக்கட்டும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைக் கடையில் விலைக்கு வாங்கமாட்டேன் என்று இப்போதே சத்தியம் வாங்கிக்கொள். அரியர் மட்டும் வேண்டாம். முடியாமல் நிற்கிற அரியர் இருந்தால் நிறைய கம்பெனிகள் கேம்பஸ் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அரியருக்கு நம் ஹாஸ்டல் பாஷையில் "கப்பு", அது வாழ்நாள் முழுக்க வரும். எனக்கு மெஷின்ஸில் ஒன்று விழுந்தது உனக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது, வாயைத் திறக்காதே.

அண்ணனிடம் நானே பேசட்டுமா? "அத்தனை பேரும் கம்ப்யூட்டர் எடுக்கும்போது நாம் மட்டும் ஏன்" என்பார். நான் சொன்னால் கேட்பார், கல்யாணத்தில் நான் பந்தியில் ஊட்டிவிட்ட கடன் இருக்கிறது.

சாய்ஸ் போடுவதற்கு முன்னால் அவளை ஒரு சனிக்கிழமை இங்கே அனுப்பு. ஜங்ஷனில் நானே வந்து நிற்கிறேன். சப்ஸ்டேஷனைச் சுற்றிக் காட்டுகிறேன், அந்த இரைச்சலை அரை மணி நேரம் கேட்கட்டும், வெயிலில் நிற்கட்டும். பிறகும் எலெக்ட்ரிக்கல்தான் என்றால் எழுதட்டும், ஐயோ வேண்டாம் என்றால் அதையும் எழுதட்டும். திரும்பும்போது அல்வா கொடுத்துவிடுகிறேன், உனக்குச் சுகர் என்பதால் அவளுக்கும் அண்ணனுக்கும் மட்டும்.

யார்டு முழுக்க ஜல்லி கொட்டியிருக்கும். ஹீல்ஸ் வேண்டாம், கனமான ரப்பர் சோல் வைத்த ஷூ போட்டுக்கொண்டு வரச்சொல்லு.

உன்
செல்வி