கறளில ஒட்டினது கறளோட போகும்

கிளிநொச்சி

அன்புள்ள மச்சான்,

உன்ர கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல. பதில் போடாதது என்ர பிழைதான். கொண்ணைக்குக் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிஞ்சதில பெரிய நிம்மதி. மாமியைச் சுகம் விசாரிச்சதாய்ச் சொல்லு.

இறால் பண்ணைக்குக் கடல் தண்ணி எடுக்கிற 8 அங்குல இரும்புக் குழாயை மூண்டு இடத்தில கறள் திண்டிட்டுது, சுழியோடியை இறக்கி ஒரே நாளில எப்பொக்சிப் பசை அப்பப்போறன் எண்டு எழுதியிருக்கிறாய். செய்யாதை, மச்சான். வாடைக்கு முதல் முடிக்கவேணும் எண்ட உன்ர அந்தரம் விளங்குது. எண்டாலும் செய்யாதை.

எப்பொக்சி தண்ணியில கரைஞ்சு போற சாமான் இல்லை. ஒழுங்காய் இறுகினால் சதுர மில்லிமீற்றருக்கு 80 நியூட்டன் அழுத்தம் தாங்கும். அது விட்டுப்போறது இரும்பைத் தொடுற இடத்தில. கறளுக்கு மேல அப்பினால் கறளிலதான் ஒட்டும். கறள் உதிரேக்க அதோடயே கழரும். சிப்பியையும் பாசியையும் சுரண்டினால் காணாது. மணல் கலந்த நீர்த்தாரையால சாம்பல் நிற இரும்பு தெரியுமட்டும் அடிக்கவேணும். விரலால தடவினால் மணல்தாள் மாதிரிச் சொரசொரக்கவேணும். உப்புத்தண்ணிக்குள்ள அந்த இரும்பு கெதியாய்த் திரும்பக் கறள் பிடிக்கும். ஆனபடியால் ஒரு இடத்தை அடிச்சால் அண்டைக்கே மூடு. மூண்டையும் ஒண்டாய் அடிச்சுப்போட்டு அடுத்த நாள் பூசலாம் எண்டு நினைக்காதை.

அதுக்கு முதல் சுவரை அள. ஷெட்யூல் 40 (சுவர்த் தடிப்பைக் குறிக்கிற வகை) குழாய் எண்டால் புதுசில தடிப்பு 8.18 மில்லிமீற்றர். அல்ட்ராசோனிக் கருவியால பள்ளத்தைச் சுத்தி எல்லாப் பக்கமும் பார். கண்ணுக்குத் தெரியிற பள்ளத்தோட கறள் நிக்காது. பள்ளத்தைச் சுத்திப் போடுற உறை ரெண்டு பக்கமும் நல்ல இரும்பில ஒரு சாணாவது ஏறி நிக்கவேணும்.

உறை எண்டது ரெண்டு பாதியாய் வாற கண்ணாடி நார்க் கூடு, போல்ட் போட்டு இறுக்கிறது, ரெண்டு நுனியிலயும் ரப்பர். குழாய்க்கும் கூட்டுக்கும் இடையில 20 மில்லிமீற்றர் விட்டால் ஒரு மீற்றர் நீளத்துக்கு 15 லீற்றர் கிரவுட் (இடைவெளிக்குள்ள ஏத்திற எப்பொக்சிக் கலவை) பிடிக்கும். 19 லீற்றருக்கு வாங்கு; வழியவிடுறதுக்கும் வேணும். சிலிக்கா மணல் கலந்த கிரவுட் தண்ணியை விட நல்ல பாரம். கீழ் வாயால மெதுவாய் ஏத்தினால் தண்ணியைத் தள்ளிக்கொண்டு மேல வரும். மேல் வாயால முதல் வாறது பால் மாதிரி இருக்கும், அது தண்ணி கலந்தது, விட்டுவிடு. வாளியில இருக்கிற அதே நிறம் வந்த பிறகுதான் மூடு. மேலால ஊத்தினால் தண்ணியைக் கிழிச்சுக்கொண்டு விழும், உள்ளுக்குக் குமிழும் ஓட்டையுமாய்க் கிடக்கும்.

மோட்டரை நிப்பாட்ட மறந்திடாதை. ஓட்டை விழுந்த இடத்தில முதலில மரமுளை அடி. இல்லாட்டி மோட்டர் இழுக்கிற இழுவைக்குக் கிரவுட் குழாய்க்குள்ளயே போயிடும்.

ரெசினையும் (எப்பொக்சிப் பிசின்) ஹாட்னரையும் (அதை இறுக்கிற மருந்து) கண்மட்டத்தில கலக்காதை, தராசில நிறு. 10 பாகை கூடினால் இறுகிற நேரம் அரைவாசியாகும். 20 பாகையில 40 நிமிசம் நிக்கிறது உங்கட கரை வெயிலில 20 நிமிசமும் நிக்காது. பெரிய வாளி தன்ர சூட்டிலயே கொதிச்சுப் பாறையாகும். 5 லீற்றர் 5 லீற்றராய்க் கலக்கு. ஈரத்தில ஒட்டிற ஹாட்னர் கேட்டு வாங்கு. பினல்கமைன் எண்டு ஒரு வகை, கஜுக்கோது எண்ணெயில இருந்து செய்யிறது. கஜு சுட்டுத் தின்னேக்க எங்கட கையைப் பொக்களமாக்கின அதே எண்ணெய்தான்!

எனக்கு உண்மையில பயமாய்க் கிடக்கிறது கரைக்கிட்ட இருக்கிற மூண்டாவது இடம். தண்ணி வத்தேக்க வெளியில தெரியுமெண்டாய். வெளிச்சூட்டில இறுகின எப்பொக்சி 55, 60 பாகையில இளகத் தொடங்கும். மாதக்கணக்காய்த் தண்ணி ஊறினால் அந்த எல்லை இன்னும் 10, 20 பாகை இறங்கும். கடலடியில 30 பாகைதான், அங்க பிரச்சினை இல்லை. மத்தியான வெயிலில காயிற இரும்பு 50ஐத் தாண்டும். அந்தத் துண்டை மணல் மூட்டையால மூடு, அல்லது வெட்டிப்போட்டு புதுக்குழாய் வை. நான் எண்டால் வெட்டுவன்.

பக்கத்தில நாகக்கட்டி (துத்தநாகம்) தொங்கவிட்டுக் கம்பியால குழாயோட தொடு, உறைக்கு வெளியில இருக்கிற இரும்பைக் காக்கும். மக்னீசியம் மலிவாய் வந்தாலும் வேண்டாம். அதின்ர வோல்ற் கூடுதல், விளிம்பில எப்பொக்சியை இரும்பில இருந்து உரிச்சுப்போடும்.

ஒவ்வொரு கலவையிலயும் 50 மில்லிமீற்றர் கட்டி ரெண்டும், ஒட்டின ரெண்டு இரும்புத் தகடும் செய்து குழாயோட கட்டி விடு. வருசத்துக்கு ஒண்டு எடுத்து, கட்டியை நசிச்சும் தகட்டை இழுத்தும் பார். 20 வருசம் நிக்கும் எண்டு பெட்டியில எழுதியிருக்கிறதை விட அந்தத் தகடு சரியாய்ச் சொல்லும்.

சுவர்த் தடிப்பை அளந்த உடன எழுது. உறை எவ்வளவு நீளம் எண்டு கணக்குப் பாத்து அனுப்புறன். அது வருமட்டும் ஒரு வாளி ரெசினும் வாங்காதை.

அன்புடன்,
உன்ர மச்சான்