மூலையில் நிற்பது யானைதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த சதுரங்கக் காய்கள் பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஓர் இடத்தில் மட்டும் தடுக்கிவிட்டது. மூலைக் காயை நாம் 'யானை' என்பது அறியாமை, 'கோட்டை' என்பதே சரி என்கிறார் கட்டுரையாளர். என் பேத்தியின் செஸ் வகுப்பிலும் இப்படித்தான் சொல்லித் தருகிறார்களாம். "கோட்டை எப்படித் தாத்தா நடக்கும்?" என்று அவள் என்னைக் கேட்டாள். எனக்கும் அதுதான் சந்தேகம்.

சதுரங்கம் என்றாலே நாற்படைதான்: தேர், யானை, குதிரை, காலாள். இதில் கோட்டை எங்கே வந்தது? மூலையில் நின்ற தேரைப் பாரசீகர்கள் 'ருக்' என்றார்கள். ஐரோப்பாவுக்குப் போனபோது அந்தச் சொல் புரியாமல், இத்தாலியில் கோட்டையைக் குறிக்கும் 'ரோக்கா'வோடு குழம்பிப்போனது என்பார்கள். ரஷ்யர்களும் வங்காளிகளும் அதே காயைப் படகு என்கிறார்கள். அவர்களை யாரும் திருத்தக் கிளம்பவில்லை.

நம் பக்கம் சாட்சியும் உண்டு. 9ஆம் நூற்றாண்டில் அரபு உலகின் பெரிய ஆட்டக்காரர் அல் அத்லி, இந்தியர்கள் யானையை மூலையில் வைப்பதாகவும் அது நேர்க்கோட்டில் இரண்டு கட்டம் தாவுவதாகவும் எழுதியிருக்கிறார். இந்தியிலும் மூலைக் காய் இன்றுவரை 'ஹாத்தி'தான்.

பாரசீக, அரபு ஆட்டத்தில் யானை நின்றது குதிரைக்கு அடுத்த கட்டத்தில். வீட்டில் செஸ் பெட்டி இருந்தால் அந்தக் காயை, அதாவது பிஷப்பை, எடுத்துத் தலையைத் தடவிப் பாருங்கள். சாய்வாக ஒரு வெட்டு விரலில் தட்டுப்படும். உருவம் செதுக்காத அரபுக் காய்களில் யானை என்பது ஒரு மொட்டைக் கட்டை, அதில் துருத்தும் இரண்டு முனைகள். அவைதான் தந்தம். யானையைக் கண்ணால் காணாத ஆங்கிலேயர் அந்த இரட்டை முனையைக் கிறிஸ்தவ ஆயரின், அதாவது பிஷப்பின், தொப்பியாக எடுத்துக்கொண்டார்கள் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831இல் கிடைத்த 12ஆம் நூற்றாண்டுக் காய்களில் தொப்பியும் செங்கோலுமாக ஆயர்கள் முழு உருவத்திலேயே இருக்கிறார்கள். பெரும்பாலானவை வால்ரஸ் என்ற கடல் விலங்கின் தந்தத்தில் செதுக்கியவை. தந்தம் தொப்பியாகி, அந்தத் தொப்பியை மறுபடி தந்தத்திலேயே செதுக்கியிருக்கிறார்கள்! ஸ்பானியரின் 'அல்ஃபில்' அரபுச் சொல்லான 'அல் ஃபீல்', யானையேதான். ரஷ்யர்களும் அந்தக் காயை யானை என்றே அழைக்கிறார்கள்.

மந்திரி கதை இன்னும் பாவம். ராஜாவின் பக்கத்தில் முதலில் நின்றவர் அவர்தான். குறுக்கே ஒரே ஒரு கட்டம் நகர்வார், அவ்வளவுதான் அதிகாரம். ஐரோப்பாவில் அந்த இடத்துக்கு ராணி வந்தாள். அவளும் பல நூற்றாண்டுகள் அதே ஒரு கட்டம்தான் நகர்ந்தாள். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயின் பக்கம்தான் பலகை முழுக்கப் பாயும் பலம் கிடைத்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இப்போது பிஷப்பைத்தான் மந்திரி என்கிறார்கள். ராணிக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்துவிட்டு, யானை இருந்த கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

2022இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடில் குதிரைக்கு வேட்டி கட்டி 'தம்பி' என்று பெயரும் வைத்தார்கள். யானையை விட்டுவிட்டார்களே என்று அப்போதே எனக்கு ஒரு குறை.

அப்புறம், கட்டுரையோடு போட்டிருந்த படத்தில் வெள்ளை ராணி கறுப்புக் கட்டத்தில் நிற்கிறாள். அவள் நிற்க வேண்டியது வெள்ளைக் கட்டத்தில். பேத்திதான் முதலில் கண்டுபிடித்தாள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
கும்பகோணம்