ஓவியர் ஜார்ஜ் செராவுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஓவியர் ஜார்ஜ் செரா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் 1889-இல் தொடங்கி, மறு ஆண்டு பாரீசில் சுயேச்சை ஓவியர்களின் கண்காட்சியில் வைத்த ‘ஷாயூ’ (காலை உயரத் தூக்கி ஆடும் காபரே, அதாவது இரவுக் கேளிக்கை அரங்கு, நடனம்) ஓவியத்தைப் பற்றி நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இரண்டு பெண்களும் இரண்டு ஆண்களும் மேடையில் ஒரே சீராகக் காலைத் தூக்கி நிற்கிறார்கள். உதட்டோரமும் மீசை நுனியும் காலணியின் நாடாவும்கூட மேல்நோக்கியே வளைகின்றன. ஒளி மிகுந்த தொனி, வெம்மையான நிறம், கிடைக்கோட்டுக்கு மேலே எழும் கோடு ஆகிய மூன்றும் களிப்பைத் தரும் என்று 1890 ஆகஸ்டில் எழுத்தாளர் மோரிஸ் போபூருக்கு எழுதிய கடிதத்தில் வகுத்துரைத்தீர்கள். கோடும் நிறமும் உணர்ச்சியை எழுப்பும் என்ற அறிஞர் ஷார்ல் ஆன்றியின் கோட்பாட்டைத் தாங்கள் எவ்வளவு ஊன்றிப் படித்தீர்கள் என்பதற்கு இந்தப் படமே சான்று.

ஆனால் படத்தைப் பார்க்கும் எனக்குக் களிப்பு வரவில்லை. இவர்கள் உயிரற்ற பொம்மைகள் என்று குறை சொல்வோரோடும் எனக்கு உடன்பாடில்லை. இரவுதோறும் அதே இசைக்கு அதே உயரத்துக்குக் காலைத் தூக்கியாக வேண்டிய காபரே ஆட்டக்காரிக்குச் சிரிப்பும் வேலையில் சேர்ந்ததுதானே? அந்தச் சிரிப்பை உள்ளபடியே, எரிவாயு விளக்கின் கீழே, சின்னஞ்சிறு புள்ளிகளாகத் தாங்கள் பொறுமையோடு கட்டியெழுப்பியிருக்கிறீர்கள். கீழே வலது மூலையில் பன்றி மூக்கோடு அண்ணாந்து பார்க்கும் அந்தப் பார்வையாளனுக்காகவே அவர்கள் சிரிக்கிறார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

எல்லாரையும்விட என்னைப் பிடித்து நிறுத்துபவர், முன்னால் முதுகைக் காட்டி அமர்ந்து பெரிய பாஸ் வயலினை வாசிப்பவர்தான். அவருடைய சிரிப்பை யாரும் விலைக்குக் கேட்கவில்லை; முகத்தையே தாங்கள் காட்டவில்லை. அரங்கில் எனக்கு அமைந்த இடம் அவருடைய தோளுக்குப் பின்னால்தான் என்று தோன்றுகிறது.

தங்கள் நண்பரான கவிஞர் குஸ்தாவ் கானிடம் முன்பு இருந்த இந்த ஓவியத்தை 1922-இல் ஓவியச் சேகரிப்பாளர் ஹெலேன கிரோலர்-மியூலர் வாங்கினார். இப்போது நெதர்லாந்தின் ஓட்டர்லோவில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தாங்கள் பின்னர் வரைந்த ‘சர்க்கஸ்’ ஓவியம் முடியாமலேயே 1891 மார்ச்சில் கண்காட்சிக்குச் சென்றது. அம்மாதம் 29-ஆம் நாள், 31 வயதில், தாங்கள் மறைந்தீர்கள். அந்தப் படத்திலும் முன்னால் நிற்கும் கோமாளி நமக்கு முதுகைத்தான் காட்டுகிறான்.

மாறாத மதிப்புடன்,
தங்கள் ஓவியத்தின் முன் நெடுநேரம் அமர்ந்திருக்கும் ஒருவன்