அப்பாவின் டெஸ்ட் லாம்ப்

பினாங்கு,
ஞாயிறு காலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? "சிப் கம்பெனி என்கிறாய், அதில் உன் வேலை என்னம்மா?" என்று போனில் கேட்டீர்கள். அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

கம்பெனி இருப்பது பாயான் லெப்பாஸில். 1972-இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைத் திறந்தது இந்தப் பக்கம்தான். அப்போது சுற்றிலும் நெல்வயலாம். இப்போது ஆலைக்கு ஆலை மதில் ஒட்டி நிற்கிறது.

நான் சிப் செய்வதில்லை அப்பா, செய்து முடித்ததைச் சோதிக்கிறேன். ஹேண்ட்லர் என்கிற இயந்திரம் தட்டிலிருந்து நான்கு சிப்களை உறிஞ்சி எடுத்து, நான்கு சாக்கெட்டில் அழுத்தும். டெஸ்டர் முதலில் ஒவ்வொரு காலிலும் துளி மின்சாரம் விட்டுப் பார்க்கும். சுமார் 0.6 வோல்ட் காட்டினால் இணைப்பு சரி. அப்புறம் கம்ப்யூட்டரில் இருக்கும் பேட்டர்ன் ஓடும்: இந்த 0, 1-களை உள்ளே கொடு, வெளியே வர வேண்டியதுதான் வருகிறதா பார். சில நொடியில் முடிந்து, நல்லது ஒரு தட்டுக்கும் கெட்டது வேறு தட்டுக்கும் போய்விடும்.

எல்லாக் கணக்கையும் போட்டுப் பார்க்க முடியாது. இரண்டு 32 பிட் எண்களை, அதாவது 32 இடத்தில் 0 அல்லது 1 வரும் எண்களை, கூட்டும் ஒரு சர்க்யூட்டை, நொடிக்குப் பத்துக் கோடி கணக்கு வீதம் முழுவதும் சோதித்தால் 5,800 வருஷத்துக்கு மேல் ஆகும்! அதனால் எந்தக் கம்பி 0-விலோ 1-லோ மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று தேடுகிற மாதிரிதான் பேட்டர்ன் எழுதுவார்கள். சோதனை நேரத்தில் மட்டும் உள்ளே இருக்கும் ஃபிளிப்-ஃபிளாப்களை, அதாவது ஆளுக்கு ஒரு 0 அல்லது 1-ஐ நினைவில் வைக்கும் குட்டி சர்க்யூட்களை, பூச்சரம் போல ஒன்றோடொன்று கோத்துவிட்டு, ஒரு முனையில் பிட்களைத் தள்ளி மறுமுனையில் வாங்கிப் பார்ப்பதும் உண்டு. முதன்முதலில் புரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

போன வாரம் நைட் ஷிஃப்டில் ஒரு லாட், அதாவது ஒன்றாக வந்த சிப் தொகுதி, மளமளவென்று ஃபெயில் ஆனது. நல்ல சிப் எல்லாம் குப்பைக்குப் போய்விடுமோ என்று பதறிவிட்டேன். பட்டர்வொர்த்திலிருந்து வரும் அக்கா ஒருவர், இருபது வருஷமாக இந்த வேலையில் இருப்பவர், "எந்த சாக்கெட்டில் விழுகிறது பாரும்மா" என்றார். பார்த்தால் எல்லாம் மூன்றாவதில். கோல்டன் யூனிட்டை, அதாவது நல்லது என்று ஏற்கெனவே உறுதியான சிப்பை, அதில் வைத்தோம். அதுவும் ஃபெயில். லென்ஸில் பார்த்தேன்: சாக்கெட்டில் ஊசி ஊசியாக இருக்கும் பின்களின் நுனியில் கறுப்பாக ஏதோ படிந்திருந்தது. சிப்பின் கால்களிலிருந்து ஒட்டிய வெள்ளீயம். பிரஷால் துடைத்து மறுபடி ஓட்டினோம், பெரும்பாலானவை பாஸ்.

அப்போது உங்களைத்தான் நினைத்தேன். எந்த வீட்டுக்கு ஒயரிங் பார்க்கப் போனாலும், டெஸ்ட் லாம்பை முதலில் கரண்ட் இருக்கிற பிளக்கில் வைத்து எரிகிறதா பார்ப்பீர்களே, கோல்டன் யூனிட்டை வைத்துப் பார்ப்பதும் அதேதான். அக்காவிடமும் சொன்னேன்.

சாயங்காலம் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிறேன். அந்தப் பழைய டெஸ்ட் லாம்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அப்பா. தீபாவளிக்கு வரும்போது இங்கே எடுத்து வருவேன்.

அன்புடன்,
உங்கள் மகள்