லீக்கில் சேர்ந்திருக்கும் மகனுக்கு

அன்புள்ள கண்ணா,

நேற்று நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அலுவலக கோல்ஃப் லீக்கின் முதல் ஆட்டம், முதல் டீ, அதாவது முதல் அடியைத் தொடங்கும் இடம். நீ மட்டையை ஓங்கி வீசியிருக்கிறாய், பந்து அசையவே இல்லை, கூட வந்த மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். "இனி அந்தப் பக்கமே போகமாட்டேன்மா" என்றாய். இதைப் போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போ கண்ணா. கட்டாயம் போ.

நிலவில் கோல்ஃப் ஆடியவருக்கே அது நடந்திருக்கிறது. 1971 பிப்ரவரியில் அப்பல்லோ 14 பயணத்தில் ஆலன் ஷெப்பர்ட் ஆறாம் நம்பர் அயர்ன் என்ற கோல்ஃப் மட்டையின் தலையை எடுத்துப் போய், மண் அள்ளும் கருவியின் பிடியில் மாட்டிப் பந்தை அடித்தார். விண்வெளி உடை அவ்வளவு தடிமன், இரண்டு கையாலும் பிடிக்க முடியாமல் ஒரே கையால்தான் வீசினார். முதல் வீச்சில் பறந்தது பெரும்பாலும் மண்தான். பக்கத்தில் நின்ற எட்கர் மிட்செல் சும்மா இருந்தாரா? பந்தைவிட மண்ணைத்தான் அதிகம் அடித்தாய் என்று அங்கேயே கிண்டல் செய்தார். கூட ஆடுகிறவன் நிலவில் இருந்தாலும் கிண்டல் செய்யத்தான் செய்வான். நீ கோபப்பட அதில் ஒன்றும் இல்லை.

எங்கள் நால்வர் கூட்டம் உனக்குத் தெரியும். நான், டாக்டர் மாமா, வக்கீல் மாமா, டீச்சர் ஆன்ட்டி. லீக்கில் நாங்கள் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று நீ எப்போதும் கேட்பாய். அந்தக் கதையைவிட இதைக் கேள். போன மாதம் டாக்டர் மாமா தள்ளிய பந்து உருண்டு உருண்டு போய், குழியின் விளிம்பில் பாதி உள்ளே தொங்கியபடி நின்றுவிட்டது. குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். பந்து அதில் பாதிகூட இல்லை. இவ்வளவு பெரிய வாய் திறந்திருக்கிறது, பந்து விழமாட்டேன் என்கிறது! இப்படித் தொங்கினால், குழிக்கு நடந்து போக ஆகும் நியாயமான நேரம் போக, இன்னும் பத்து வினாடி காத்திருக்கலாம் என்பது விதி. டாக்டர் மாமா அப்படியே குப்புறப் படுத்துக்கொண்டு பந்தைக் கண்ணுக்கு நேரே பார்க்கிறார். "மூச்சை அடக்குங்க டாக்டர், காத்து பட்டா நீங்க ஊதினதாயிடும்" என்கிறார் டீச்சர் ஆன்ட்டி. வக்கீல் மாமா கடிகாரத்தைப் பார்த்துச் சத்தமாக எண்ணுகிறார். எட்டு, ஒன்பது, பத்து. முடிந்தது. டாக்டர் மாமா பெருமூச்சு விட்டு எழுந்து, சட்டையைத் தட்டி, பந்தைக் குழிக்குள் தள்ளும் 'பட்டர்' மட்டையைக் கையில் எடுத்தார். பொத்தென்று விழுந்தது பந்து.

அவர் துள்ளிய துள்ளலைப் பார்த்திருக்க வேண்டும் நீ. வக்கீல் மாமா அசையாமல் விதியைச் சொன்னார். பத்து வினாடி தாண்டி விழுந்தால் குழியில் போட்டதாகவே கணக்கு, ஆனால் ஒரு ஸ்ட்ரோக், அதாவது ஓர் அடி, அபராதம். அதாவது, நேரே போய் லேசாகத் தட்டிவிட்டிருந்தால் என்ன எண்ணிக்கை வந்திருக்குமோ அதே எண்ணிக்கை! இதற்காகவா இத்தனை நேரம் புல்லில் படுத்தோம் என்று அவர் கேட்டதும் எங்களுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. பின்னால் வந்த நால்வரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் அந்தக் காக்கை. டீச்சர் ஆன்ட்டி அழகாக ஓர் அடி அடித்து ஃபேர்வே என்கிற வெட்டிய புல்வெளியின் நடுவில் பந்தை நிறுத்தினார். நாங்கள் கை தட்டி முடிப்பதற்குள் காக்கை அதைக் கொத்திக்கொண்டு பறந்துவிட்டது. பார்த்தது உறுதி என்றால் அபராதம் கிடையாது, பந்து இருந்த இடத்தைக் கணித்து வேறு பந்தை வைத்து ஆடலாம். வக்கீல் மாமாவுக்கு 'உறுதி' என்ற சொல் போதுமே! எங்களை ஒவ்வொருவராக நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்தார். காக்கைதானா, பருந்தா, எந்தத் திசையிலிருந்து வந்தது? விதிக்கு இதெல்லாம் தேவையே இல்லை.

இன்னொரு நாள் டாக்டர் மாமாவும் வக்கீல் மாமாவும் ஒரே கம்பெனி, ஒரே நம்பர் பந்து. ஒருவர் பந்தை ஒருவர் அடித்து, இருவருக்கும் இரண்டிரண்டு ஸ்ட்ரோக் அபராதம். அன்றிலிருந்து வக்கீல் மாமா தன் பந்தில் முறுக்கு மீசை வரைகிறார். 2019க்குப் பிறகு பந்தைத் தேட மூன்று நிமிடம்தான், முன்பு ஐந்து. அந்த மூன்று நிமிடமும் புதருக்குள் "மீசைக்காரர் கிடைச்சாரா?" என்ற குரல்தான் கேட்கும்.

கவனித்தாயா கண்ணா, இத்தனை சிரிப்பிலும் எண்ணிக்கையில் ஒன்றுகூட யாரும் குறைத்துப் போடவில்லை. எங்களோடு நடுவர் யாரும் வருவதில்லை. டாக்டர் மாமாவின் அந்த ஒரு ஸ்ட்ரோக்கை அவரேதான் முதலில் அட்டையில் பார்த்து உறுதி செய்தார். அதனால்தான் மனம்விட்டுச் சிரிக்க முடிகிறது. அடிக்கும் எண்ணத்தோடு வீசியது பந்தில் படாவிட்டாலும் ஓர் ஸ்ட்ரோக். அதை நீ எழுதினாய் என்று சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

ஸ்கோர் அட்டையில் கையெழுத்து போடுமுன் ஒவ்வொரு ஹோலின், அதாவது குழியின், எண்ணிக்கையையும் சரிபார். 1968 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் கடைசிச் சுற்றில் ராபர்டோ டி விசென்சோ 17ஆவது ஹோலில் எடுத்தது 3 ஸ்ட்ரோக். கூட ஆடியவர் 4 என்று எழுதிவிட, இவர் பார்க்காமல் கையெழுத்திட்டார். 65 என்பது 66 ஆகி, ஒரே ஸ்ட்ரோக்கில் பட்டம் பாப் கோல்பிக்குப் போனது.

சிரிக்கக் கூடாத நேரமும் உண்டு. ஒருவர் பந்தின் முன் நின்றுவிட்டால் பேச்சே கூடாது. பந்து ஆள் இருக்கும் பக்கம் போனால் உடனே "ஃபோர்!" என்று கத்த வேண்டும். தண்ணீரில் இரண்டு பந்து போன டீச்சர் ஆன்ட்டியின் முகம் வாடினால், வக்கீல் மாமா பேசாமல் அவர் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடப்பார். உன் கூட்டத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். இல்லையென்றால் நீ அவராக இரு.

இன்னொன்று. உங்கள் லீக்கில் ஸ்டேபிள்ஃபோர்டு முறை உண்டா என்று கேப்டனிடம் கேள். 1932இல் டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு வாலஸி கிளப்பில் கொண்டுவந்த முறை. ஹேண்டிகேப்பை, அதாவது உன் திறமைக்கேற்பத் தரும் சலுகை அடிகளை, கழித்தபின் 'பார்' (அந்த ஹோலுக்கு வகுத்த அடிகள்) எடுத்தால் 2 புள்ளி, 'போகி'க்கு (அதைவிட ஓர் அடி கூடுதல்) 1, அதைவிட மோசமானால் 0. ஒரு ஹோலில் எவ்வளவு சொதப்பினாலும் சுழியம்தான், பந்தை எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம். புதிதாக ஆடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

பந்தில் ஏதாவது குறி போட மறக்காதே. மீசை மட்டும் வேண்டாம், வக்கீல் மாமா வழக்குப் போடுவார். என்ன வரைந்தாய் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்.

அன்புடன்,
அம்மா